பெரிய கூடை ஒன்று, சின்னது மூன்று

பழவேற்காடு, பசியாவரம்
பிரபவ வருஷம், புரட்டாசி 20

அண்ணாவுக்கு மணியம்மாள் எழுதிக்கொள்வது. நாகப்பட்டினத்தில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் வருகிற இருமல் இந்த வருஷமும் வந்துவிட்டதா? இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

சொல்லி அனுப்பிய ஆள் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பார். இந்த மாதம் மூன்றாம் தேதி, கப்பலில் இருந்து சரக்கு ஏற்றி வந்த சலங்குப் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர்தான் சுக்கான் பிடித்திருந்தார். ஏழு பேரில் கிருஷ்ணன் ஒருவன்தான் உயிரோடு கரை ஒதுங்கினான். அவர் உடம்பு மூன்றாம் நாள் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. நீங்கள் வரவில்லை என்று ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான். பிள்ளை இல்லாத வீடு எவ்வளவு பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது. பகலில் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கிழிசல் இல்லாத வலையை.

பாடு மட்டும் எனக்கு இருக்கிறது. நீங்கள் ஊரை விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷமானாலும் பாடு மறந்திருக்காது. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலையோ நிறைய. அதனால் எந்த வீடு எந்த நாள் வலை போடுவது என்று வரிசை. எங்கள் வீடு பதினொன்று. கடலில் செத்தவன் பாட்டில் யாரும் ஏறக்கூடாது அல்லவா? நேற்று ஊர்த்தலைவர் நாட்டார் கரையில் நின்று "பதினொண்ணு" என்று கூவினார். நான்தான் "கீது" என்று குரல் கொடுத்தேன். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் பன்னிரண்டாகவே நின்றார். ஆள் வைத்து வலை போட்டேன், பாதி மீன் அவனுக்கு, பாதி எனக்கு. அந்தக் குரல் கொடுக்கிற ஒரு நாளில் மட்டும் நான் இந்த ஊரில் ஒருத்தி என்று எனக்கே தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுங்கள்.

மணியம்மாள்

•

நாகப்பட்டினம்
ஐப்பசி 8

என் தங்கை மணிக்கு ஆதிநாராயணன் எழுதுவது. இருமல் வந்தது, போய்க்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பொய் எழுதாதே.

தசரதன் போன சேதியைத் துறைமுகக் கச்சேரி வாசலில் நின்றே கேட்டேன். அன்று முழுவதும் எழுதின கணக்கில் மூன்று பிழை. பதினெட்டு வருஷத்தில் என் எழுத்தில் பிழை என்று துரை சொன்னது அதுதான் முதல் தடவை. வந்திருக்க வேண்டும். கப்பல் நேரத்தில் எழுத்துக்காரனுக்கு விடுப்பு இல்லை என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

நீ இங்கேயே வந்துவிடு. உன் அண்ணி போன பிறகு இந்த வீட்டில் ஒரு பானை, ஒரு பாய். சாயங்காலம் கச்சேரியில் இருந்து வந்து விளக்கை ஏற்றினால், யாருக்காக ஏற்றினோம் என்று இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக இருப்பதைவிட ஒரே கூரையின் கீழ் இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. அன்று கொடிமரத்தில் என்ன ஏற்றியிருந்தது என்று கிருஷ்ணன் ஏதாவது சொன்னானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மழை பலமாக இருக்கும். கூரையைப் பார்த்து வேய்ந்துகொள்.

ஆதிநாராயணன்

•

பசியாவரம்
ஐப்பசி 28

அண்ணாவுக்கு மணியம்மாள். உங்கள் காகிதம் மழையில் நனைந்து வந்தாலும் எழுத்து ஒன்றும் அழியவில்லை. உங்கள் மையை மழைகூட மதிக்கிறது. கூரை வேய்ந்தாயிற்று. நான் சாப்பிடுகிறேன், பொய் இல்லை.

சும்மா தெரிந்துகொள்ள என்று கேட்டீர்கள். இங்கே அது சும்மா இல்லை.

முகத்துவாரத்தில் எந்த நேரம் படகு என்ன செய்ய வேண்டும் என்று எண் போட்டு நீங்கள் எழுதிய முறைப் புத்தகம்தான் கொடிமரத்தில் இருக்கிறது. முறையின் எண்ணைக் கூடையாக மரத்தில் ஏற்றுவார்கள். பெரிய கூடை என்றால் ஐந்து, சின்னது என்றால் ஒன்று. படகுக்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எண்கள் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சோறு தின்னும்போதுகூட அவர் சொல்லிக்கொண்டிருப்பார், எனக்கே பாதி தெரியும்.

கிருஷ்ணன் சொல்கிறான், "பெரிசு ஒண்ணு, சிறிசு மூணு. நான் என் கண்ணால பாத்தேன். எட்டுனா தெக்கு வாயில உள்ள வானுதானே? வந்தோம். அவ்ளோதான்."

கொடிமரத்துச் சந்தியாகு சொல்கிறார், "வெளியவே நில்லுனு காட்டினேன். அவங்க கேக்கல. நான் இன்னா பண்றது?"

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். சந்தியாகு புத்தகத்தைக் காட்டி, "இதுல அப்பிடித்தான் கீது" என்கிறாராம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன், வாய்க்கு வந்ததை வாசிப்பான் என்று படகுக்காரர்கள் நம்பவில்லை. பெண்பிள்ளை கொடிமரத்து மேடையில் ஏறக்கூடாது, அதனால் நானும் பார்க்க முடியாது.

எனக்கு என்ன என்கிறீர்களா? "நில்" என்று காட்டியும் கேட்காமல் உள்ளே வந்திருந்தால், அவர் சொல் கேளாமல் செத்தவர். ஆறு உயிர் போக அவர்தான் காரணம். அப்படிச் செத்தவனுக்குப் பாடு கிடையாது. பதினொன்றை எடுத்துவிட்டு, பன்னிரண்டு முதல் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். கங்காதரன் நாட்டார் நல்லவர். "சித்திரை மொதல் நாள் பாட்டு வரிசை படிக்கச் சொல்லோ முடிவு பண்ணிக்கலாம்மா. அதுவரிக்கும் உன் பாடு உன்னுது. புத்தகம் எழுதினது உன் அண்ணன்தானே? அவரு வாயால வரட்டும்" என்றார்.

எழுதுங்கள் அண்ணா. எட்டு என்றால் என்ன?

அங்கே வரச் சொன்னதற்கு நன்றி. உங்கள் வீட்டில் நான் விருந்தாளி ஆவேன், பிறகு சமையல்காரி ஆவேன். இங்கே எனக்கு ஒரு எண் இருக்கிறது. பாடு போனால் அப்புறம் யோசிக்கிறேன்.

மணியம்மாள்

•

பசியாவரம்
மார்கழி 10

அண்ணாவுக்கு. சுகம்தானே? நாற்பது நாளாகிறது. மழையில் அஞ்சல்காரன் ஆற்றைத் தாண்ட முடியவில்லையோ, என் காகிதம் வந்து சேரவில்லையோ என்று இன்னொன்று எழுதுகிறேன்.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். எட்டாம் முறை என்ன? ஒரு வரி போதும்.

இருமலாக இருந்தால் அதை எழுதுங்கள். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு பயப்படுகிறேன்.

மணி

•

நாகப்பட்டினம்
தை 5

தங்கை மணிக்கு. உன் இரண்டு காகிதமும் வந்தன. உடம்பு ஒன்றும் இல்லை, வேலை மிகுதி. பொங்கலுக்கு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன். வெள்ளை எடுக்கக் கை வரவில்லை, அதனால் பழுப்பு. பிடிக்காவிட்டால் வீட்டில் மடித்து வை.

நீ கேட்டதற்குப் பழைய ஏடுகளை எல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவசரப்படாதே, சித்திரைக்கு நாள் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தில் என் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. முறைகளுக்கு எண் போடுவது எளிது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு முறை வந்தால் என்ன செய்வது? நடுவில் ஒன்று ஒழிந்து போனால் என்ன செய்வது? ஒழிந்ததை எடுத்துவிட்டுக் கீழே உள்ளவற்றை மேலே நகர்த்தினால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. நகர்த்தாமல் விட்டால் வரிசையில் பல் விழுந்தது போல ஓட்டை. பல ராத்திரி இதே யோசனை.

நம் ஊரில் செத்தவன் பாட்டில் யாரும் ஏறுவதில்லை என்று எழுதியிருந்தாய். அது ஏன் என்று யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? நைனா ஏதோ சொன்ன நினைவு. தெரிந்தால் எழுது.

பனியில் வெளியே நிற்காதே.

ஆதிநாராயணன்

•

பசியாவரம்
தை 22

அண்ணாவுக்கு மணியம்மாள். புடவை வந்தது. நல்ல புடவை. நான் கேட்டது புடவை இல்லை.

பழைய ஏட்டைப் பார்க்க வேண்டுமாம்! நைனா செத்த வருஷம் எத்தனை மூட்டை கருவாடு கப்பலேறியது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்கிற ஆள் நீங்கள். நீங்களே எழுதிய எட்டாம் முறை உங்களுக்கு மறந்துபோயிற்றா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று?

இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன், நானாவது பதில் சொல்கிற பழக்கத்தை விடாமல் இருக்கிறேன். நாட்டாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுல இன்னாம்மா பெரிய சங்கதி? எவன் எந்த நாள் வலை போடணும்னு ஆம்பள பொம்பள அல்லாருக்கும் மனப்பாடம். சம்பந்தி ஊர்க்காரனுக்கும் தெரியும், மீன் வாங்க வர்றவளுக்கும் தெரியும். ஒருத்தன் செத்தான்னு அல்லாரையும் ஒரு நாள் தள்ளினா, பாதிப் பேரு பழைய நாள்ல வருவான், பாதிப் பேரு புது நாள்ல வருவான். ஏரில வெட்டு குத்துதான். செத்தவன் நாளு சும்மா கெடந்தா யாருக்கு நஷ்டம்? நகர்த்தினாத்தான் நஷ்டம்" என்றார்.

சொல் கேளாமல் செத்தவன் பாட்டை மட்டும் ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "அது தண்டனை. அத்த செய்யச் சொல்லோ ஒரு மாசம் தெருத்தெருவா தமுக்கு அடிச்சிச் சொல்லுவோம். தெரியாம நகர்த்தினா கொலை" என்றார்.

இதுதான். உங்கள் தலைச்சுற்றல் தீர்ந்ததா? என்னுடையது தீரவில்லை. இங்கே தெருவில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தால் முகம் திருப்புகிறார்கள். அவர்கள் புருஷன்மார் என் புருஷனை நம்பித்தானே படகில் ஏறினார்கள்? யாரிடம் போய் நான் அழுவது? சுவரிடம் பேசிப் பேசி அதற்குக்கூட அலுத்திருக்கும்.

எட்டு என்றால் என்ன, அண்ணா?

மணியம்மாள்

•

நாகப்பட்டினம்
மாசி 10

மணிக்கு. சுகம். உன் சுகத்துக்கு எழுது.

எட்டாம் முறை: தெற்கு வாய் வழியே உள்ளே வா. இதை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தசரதன் கொடி பார்த்தே வந்தான், சொல் கேளாதவன் அல்ல. இதை நாட்டாரிடம் வாசித்துக் காட்டு.

வேறொன்றும் இல்லை.

ஆதிநாராயணன்

•

பசியாவரம்
மாசி 28

அண்ணாவுக்கு.

வாசித்துக் காட்டினேன். நாட்டார் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. முடித்ததும் அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னை ஒருத்தி தொட்டாள். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை படகுக்காரர்கள் கொடிமரத்துக்குப் போனார்கள். சந்தியாகுவை மேடையில் இருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். வலது கை முழங்கையில் ஒடிந்துவிட்டது. "எட்டுக்கு உள்ள வான்னு அர்த்தம், நீ நில்லுனு சொன்னியாடா பொய்யா? ஆறு பேரு உசிரு" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். கோயில் கிணற்றுப் பக்கம் அவர் பெண்சாதி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மீன் கொடுப்பதில்லை. அவர்கள் வீட்டுக்கு நெருப்பு வாங்கக்கூட யாரும் போவதில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அந்த அம்மாள், ஆரோக்கியமேரி, என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. முந்தானையில் சுற்றி எதையோ வைத்திருந்தார். "நான் சண்ட போட வரல மணி. எனக்குப் படிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். இத்தப் பாத்து நீயே சொல்லு. என் வூட்டுக்காரரு பொய் சொல்றாரா, இல்லியா? நீ பொய்னு சொன்னா நான் நம்பிக்கிறேன்" என்றார்.

முறைப் புத்தகம். உங்கள் கை. வரியைத் தொடங்கும்போது போடுகிற அந்தச் சின்னச் சுழி, அது வேறு யாருக்கு வரும்? எட்டாம் முறை: வாயில் அலை உடைகிறது, உள்ளே வராதே, வெளியே நில்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து எண்ணினேன். அவர் சொல்லக் கேட்டது இருபத்து மூன்று முறை. உங்கள் புத்தகத்தில் இருபத்திரண்டு. ஒன்று முதல் ஐந்து வரை அவர் சொன்ன அதே வரிசை. ஆறாவது ஒற்றைப் பனையைக் கோட்டை முனையோடு நேர் வைத்து வரச் சொல்வது, அது இதில் இல்லை. பனை விழுந்துவிட்டது, எனக்கும் தெரியும். அதன் பிறகு எல்லாம் ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. அவருடைய எட்டு இதில் ஏழு. அவருடைய ஒன்பது இதில் எட்டு.

படகு கவிழ்வதற்குச் சில நாள் முன்னால் இந்தப் புதுப் புத்தகம் வந்தபோது கரையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சந்தியாகு வாசித்தாராம். மேரி அக்கா சொன்னார். "கேட்டாங்க, எல்லாம் பழசுதான், பனை மட்டும்தான் போச்சினு எழுந்து பூட்டாங்க" என்றார். வார்த்தை எல்லாம் பழையதுதானே? எண்ணை யார் எண்ணினார்கள்? நம்மவர்கள் பாட்டில் எண் நகரும் என்று கனவிலும் நினைக்காதவர்கள்.

ஆகவே சந்தியாகு பொய் சொல்லவில்லை. கிருஷ்ணனும் பொய் சொல்லவில்லை. அவர், என் அவர், எட்டைப் பார்த்தார், எட்டுக்குச் சொன்னதைச் செய்தார். பொய் சொன்னது ஒருவர்தான்.

மேரி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், புத்தகத்தில் 'நில்' என்றுதானே இருக்கிறது என்று அவர் மேல் பழி திரும்பலாம். நான் பேசாமல் இருந்தால் போதும், என் பாடு போகாது. சித்திரை வந்து போய்விடும். அப்படி இருந்துவிடலாம் என்று நேற்று ராத்திரி வெகு நேரம் நினைத்தேன். என்னை நினைத்து எனக்கே பயமாக இருக்கிறது.

மணியம்மாள்

•

நாகப்பட்டினம்
பங்குனி 12

மணிக்கு. சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

இந்தக் காகிதத்தை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும். அதற்காகவே முழுவதும் எழுதுகிறேன். நாட்டாருக்கும் ஊராருக்கும், ஆறு வீட்டாருக்கும், சந்தியாகுவுக்கும் ஆதிநாராயணன் சொல்வது இது.

பனை விழுந்ததால் ஆறாம் முறை வேண்டாம் என்று துரை சொன்னார். எடுக்கச் சொன்னது மட்டும்தான் அவர். மற்றதை நகர்த்தச் சொல்லவில்லை. ஐந்துக்கு அடுத்து ஏழு என்று எழுத எனக்கு அவமானமாக இருந்தது. என் எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பழகுகிறார்கள், அதில் ஓட்டை இருக்கலாமா என்று நினைத்தேன். நகர்த்தி எழுதினேன். எண் மாறியது என்று முதல் ஏட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அழகாக முடிந்தது என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆறு பேர்.

சந்தியாகு புத்தகத்தின்படி செய்தார். தசரதன் தனக்குக் கற்பித்தபடி செய்தான். இருவர் மேலும் குற்றம் இல்லை. எட்டு என்றால் தெற்கு வாய் என்று மாசியில் நான் எழுதியது பழைய புத்தகம். புதியதை மறைத்து எழுதினேன். தங்கையின் பாடு காப்பாற்றப்பட வேண்டும், என் பெயரும் கெடக்கூடாது என்று எழுதினேன். சந்தியாகுவின் கை ஒடிந்தது என்னால்.

ஊருக்குச் சொல்வது இத்துடன் முடிந்தது. இனி வருவது உனக்கு.

மணி, கூடை பற்றி நான் ஐப்பசியில் கேட்டபோதே எனக்குத் தெரியும். தெரியாமல் யாராவது கேட்பார்களா? நீ எட்டு என்று எழுதி அனுப்பிய அன்று காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். தினமும் எடுத்துப் படித்தேன். பதில் எழுத உட்கார்வேன், தேதி போடுவேன், கிழிப்பேன். உன்னிடம் சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் எனக்கு எழுத யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயம். அந்தப் பயத்தில் உன்னைச் சுவரோடு பேச விட்டேன்.

துரையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். புதிதாக ஒரு புத்தகம் எழுதிக் காட்டினேன். அதில் எண்கள் பழையபடி இருபத்து மூன்று. ஆறாம் முறை என்று எழுதி, இது ஒழிந்தது, இந்த எண்ணை யாரும் ஏற்ற வேண்டாம் என்று போட்டிருக்கிறேன். இனி எது ஒழிந்தாலும் அதன் எண் அதனோடு போகும், வேறொன்றுக்கு வராது. புதிய முறை எங்கே பொருந்தினாலும், கடைசி எண்ணுக்கு அடுத்த எண்தான் அதற்கு. ஒரு முறையின் பொருள் மாறினால் பழைய எண்ணை ஒழித்துவிட்டுப் புது எண் கொடுக்க வேண்டும். வரிசை வேறு, எண் வேறு. எண் என்பது பெயர். நாட்டார் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பதினெட்டு வருஷம் எழுதியவன் ஐம்பது வயதில் கற்றுக்கொண்டேன்.

துரை அதை எல்லாத் துறைக்கும் அனுப்பச் சொன்னார். என் கையால் வேண்டாம், வேறொருவன் எழுதட்டும் என்றும் சொன்னார். இப்போது மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக்குப் புத்தகத்தை யார் கொண்டுபோவது என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றால் வேறு ஆள் போகட்டும்.

ஆதிநாராயணன்

•

பழவேற்காடு, பசியாவரம்
விபவ வருஷம், சித்திரை 3

அண்ணாவுக்கு மணியம்மாள் எழுதிக்கொள்வது. புது வருஷத்தில் உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உங்கள் காகிதத்தை நானே வாசித்தேன். ஊரில் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவர் சந்தியாகு, அவர் விஷயம் அவரே வாசிக்க முடியாது. பாட்டு வரிசை படிக்கிற இடத்தில் பெண்பிள்ளை நின்று வாசித்தது இதுதான் முதல் தடவை என்றார்கள். "ஊருக்குச் சொல்வது இத்துடன் முடிந்தது" என்ற இடம்வரை வாசித்தேன். மற்றது எனக்கு. நடுவில் ஒரு இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

வாசித்து முடித்தேன். பிறகு கிருஷ்ணன் எழுந்து போய், சந்தியாகு காலில் விழுந்தான். அடித்தவர்களில் இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் இடது கையால் அவர்களைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நாட்டார் வரிசையை வாசித்தார். பத்துக்கு அடுத்துப் பதினொன்று என்றார். "கீது" என்றேன். இந்தத் தடவை அந்த ஐந்து வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பவில்லை.

உங்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. சிலர் கத்தினார்கள். கடைசியில் நாட்டார் என்னைக் கேட்டார், "உன் புருசன், உன் அண்ணன். நீ இன்னா சொல்றே?"

யோசித்துத்தான் சொன்னேன். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன். நகர்த்தி எழுதினது தவறு. தவறு யாருக்கும் வரும், அவரும் தன் படகை எத்தனையோ தடவை மணலில் ஏற்றியிருக்கிறார். அதை நான் என்றைக்காவது மன்னிப்பேன். ஐந்து மாதம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீங்கள் தெரிந்துகொண்டே இருந்தீர்கள். எனக்கு மிச்சம் இருந்த ஒரே மனுஷர் நீங்கள். கடல் ஒருவரைத்தான் கொண்டுபோயிற்று, அண்ணா. இன்னொருவரை நீங்களே கொண்டுபோனீர்கள்.

இருந்தாலும் வாருங்கள். நீங்கள்தான் வர வேண்டும், வேறு ஆள் வேண்டாம். படகுக்காரர்கள் இப்போது எந்தக் கூடையையும் நம்புவதில்லை. கப்பல் வருகிற காலம் நெருங்குகிறது. கரையில் எல்லாரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணையும் கூடை ஏற்றிக் காட்டி, நீங்களே வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்கிறவரை சொல்ல வேண்டும். ஆறு வீட்டாரும் முன்வரிசையில் இருப்பார்கள். நானும் இருப்பேன், எட்டு வரும்போது எழுந்து போகமாட்டேன்.

எத்தனை நாள் ஆனாலும் தங்குங்கள். படுக்கை நாட்டார் வீட்டு மாட்டுக்கொட்டகையில். சாப்பாடு சந்தியாகு வீட்டில். அவர்கள் வீட்டுச் சோற்றை நம்மவர்கள் தொடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். நான் போன வாரம் அங்கே சாப்பிட்டேன். அவருக்கு வலது கை இன்னும் மடங்கவில்லை, மேரி அக்காதான் பிசைந்து கொடுக்கிறார். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேரி அக்காவிடம் கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, "வரட்டும். எங்க வூட்ல மீன் கொழம்பு காரமா இருக்கும்னு சொல்லு" என்றார்.

என் வீட்டுக்கு மட்டும் இப்போது வராதீர்கள்.

மணியம்மாள்